கறுப்பியும் கடல் மாடும்

தம்மாம் பக்கம்
14.11.1982

ஜெய்னம்பு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிக்கிற வரிகளை நீயே சேர்த்துப் படித்துக்கொள். தாள் சின்னது, எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படி. நடுவில் எதையாவது விழுங்கினால் அம்மா கண்டுபிடித்துவிடும். கண்தான் மங்கல், காது இல்லை.

வேலை மாறிவிட்டேன். இது கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற கம்பெனி. கடலுக்குள் நீளமாக ஒரு பாலம் போகிறது. அதன் முனையில் பெரிய குழாய் தண்ணீரை உறிஞ்சும். குழாய் வாயில் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். அந்த வலையைக் கடல் புல் வந்து அடைத்துக்கொள்ளும். அதை வாரி எடுப்பதுதான் எனக்கு வேலை. வெள்ளாற்றங்கரையில் புல் அறுத்தவன் கப்பல் ஏறிப் போயும் புல் வாருகிறான் என்று அம்மா சிரிக்கும். சிரிக்கட்டும். அக்ரிமெண்ட் இரண்டு வருஷம், அது முடிகிற வரைக்கும் பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கும்.

இங்கே நம் பக்கத்து ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார். குழந்தைவேல் என்று பெயர், தா.பழூர்க்காரர், புல்டோசர் ஓட்டுகிறார். போன வாரம் பாலத்தில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "யோவ் பாய், எருமை முழுவுதுய்யா! யாரோ ஓட்டிவிட்டுட்டாங்க!"

பார்த்தால் தண்ணீருக்கு மேலே ஒரு மூக்கு. புஸ் என்று மூச்சு விட்டது. அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழவென்று. கடைசியில் மீனுக்கு இருப்பது போல அகலமான வால். உள்ளே போய்விட்டது. எங்கள் கேம்ப்பில் இருக்கும் கீழக்கரை சீனிக்காதரிடம் கேட்டேன். அவன் ஊரில் அதற்கு ஆவுளியா என்று பெயராம். கடல் மாடு. கடலுக்கு அடியில் புல் மேய்கிறது, மீனைத் தொடாது.

அம்மாவிடம் சொல், இங்கேயும் மாடு இருக்கிறது என்று. கண் ஆபரேஷனை நான் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னது நினைவிருக்கிறது. கட்டு அவிழ்த்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கும். அதுவரை சொட்டு மருந்தை விடாதே.

நத்தர்ஷா


லப்பைக்குடிக்காடு
5.12.1982

அண்ணே,

வ அலைக்கும் சலாம். உங்கள் கடிதத்தை அம்மா மூன்று தடவை படிக்கவைத்தது. தொண்டை வறண்டுவிட்டது. நான்காவது தடவை படிக்க அம்மாக்கண்ணுவைக் கூப்பிடப் போய்விட்டது, அவளுக்கு எழுத்தே தெரியாது என்பதை மறந்துவிட்டு. பால் வாங்க வந்தவள் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்து முழுதும் கேட்டுவிட்டுத்தான் போனாள். இப்போது தெரு முழுக்க நத்தர்ஷா கடலில் மாடு மேய்க்கிறான் என்று பேச்சு.

நானும் இங்கேயே வந்துவிட்டேன். அவர் பெரம்பலூர்க் கடையை அடைத்துவிட்டு ராத்திரி இங்கேதான் வருகிறார். அம்மாவைத் தனியாக விட மனசு வரவில்லை. இருமல் நிற்கவில்லை. டாக்டரிடம் வா என்றால் கறுப்பியை யார் கறப்பது என்கிறது.

இனி அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்து மாறக்கூடாதாம்.

"அடேய் எருமை. கடுதாசியில எல்லாம் எழுதுனியே, மாட்டைப் பத்தி ஒரு வெவரம் எழுதுனியா? அதுக்குக் கொம்பு இருக்கா? ஒரு ஈத்துக்கு எத்தனை கன்னு? கன்னு எங்க பால் குடிக்கும், கடலுக்குள்ள எப்புடி எழுந்து நிக்கும்? மடி எங்க இருக்கு? புல்லு யாரு அறுத்துப் போடறா? மூச்சுக்கு மேல வருதுன்னு எழுதியிருக்கியே, அப்ப தூங்குறப்ப என்ன பண்ணும்? மாடு பாத்தேன்னு சொல்றவன் இதெல்லாம் பாக்க வேணாமாடா? நீ என்னத்தைப் பாத்த? என் எருமை கறுப்பியுந்தான் நாள் பூராவும் ஆத்துத் தண்ணியில கெடக்குறா, மூக்கை மட்டும் வெளிய வச்சுக்கிட்டு. அவளும் கடல் மாடுதான். அவளைக் காட்டி நானும் கடுதாசி எழுதட்டுமா?"

இதைச் சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துவிட்டு, "அவன் சாப்புடுறானான்னு கேளு" என்றது. சாப்பிடுகிறீர்களா அண்ணே?

ஜெய்னம்பு


தம்மாம் பக்கம்
2.1.1983

ஜெய்னம்பு,

அம்மாவின் திட்டு வந்து சேர்ந்தது. கேம்ப்பில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். குழந்தைவேல் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவிடம் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி ஒரு மாதமாகக் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சூப்பர்வைசர் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறான்.

இனி பதில்கள். கொம்பு கிடையாது. காதும் வெளியே தெரியாது, சின்ன ஓட்டைதான். மேல் உதடு தடிமனாகக் கீழே தொங்கும், அதில் முள் முள்ளாக மீசை. அந்த உதட்டால் புல்லை வேரோடு பிடுங்கித் தின்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிற நாளில் பாலத்திலிருந்து பார்த்தால், அது மேய்ந்த இடம் புல் தரையில் ஒற்றையடிப் பாதை போலத் தெரியும். யாரும் அறுத்துப் போடுவதில்லை அம்மா. தானே மேய்ந்துகொள்கிறது.

மூக்குத் துளை முகத்துக்கு மேலே இருக்கிறது. மூச்சு விட மேலே வரும்போது திறக்கும். கீழே போகும்போது மூடி போட்டது போல் அடைத்துக்கொள்ளும். தூங்கினாலும் நடுநடுவே எழுந்து வந்துதான் ஆகவேண்டும் என்று சீனிக்காதர் சொல்கிறான். நான் பார்த்ததில்லை, அதனால் சத்தியம் பண்ணமாட்டேன். கடலில் இருப்பதெல்லாம் மீன் மாதிரி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆமை, டால்பின் என்கிறார்களே அந்த ஓங்கில், கடல் பாம்பு எல்லாமே மூச்சுக்கு மேலே வருகிற சாதிதான். தண்ணீருக்குள்ளேயே பிழைப்பு, ஆனால் மூச்சு நம்முடைய காற்றில்.

முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். கன்றோடு ஒன்றைப் பார்த்துவிட்டேன்! ஒரே கன்றுதான் போடும். சினை ஒரு வருஷத்துக்கும் மேலே. கன்று தாயின் முதுகுக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு போகிறது. தாய் மேலே வந்தால் அதுவும் மேலே வரும். மடி எங்கே என்று கேட்டீர்களே அம்மா, முன் துடுப்புக்கு அடியில், நமக்கு அக்குள் இருக்கிற இடத்தில் இருக்கிறது. கன்று பக்கத்தில் வந்து அங்கே வாயை வைத்துக்கொள்கிறது. நிற்கவே வேண்டியதில்லை. தண்ணீர் தாங்கிக்கொள்கிறது.

ஜெய்னம்பு, இந்த இடத்தைப் படித்ததும் அம்மா என்ன சொன்னது என்று அப்படியே எழுது. "அக்குள்லயாடா!" என்று வாயில் கையை வைக்கும். எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

சாப்பிடுகிறேன். இருமலுக்கு டாக்டரிடம் கூட்டிப் போ. கறுப்பியை நீ கறக்கக்கூடாதா?

நத்தர்ஷா


லப்பைக்குடிக்காடு
29.1.1983

அண்ணே,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை அம்மா மவுத்தாகிவிட்டது. காலையில் கறுப்பியைக் கறந்துவிட்டு எழுந்தது, மூச்சு வாங்கியது, அப்படியே கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. பால் சட்டியை மட்டும் பத்திரமாக என் கையில் கொடுத்தது. கார் பிடித்துத் திருச்சிக்குக் கொண்டு போனோம். பாடாலூர் தாண்டவில்லை அண்ணே. என் மடியில்தான் தலை. "ஜன்னலைத் தொற" என்றது, திறந்துதான் இருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அசர் தொழுகைக்குள் அடக்கம் பண்ணிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் தர்மன் வந்தார். உங்கள் கடிதம். அவருக்கும் உங்கள் கையெழுத்து தெரியும். கொடுக்காமல் வாசலிலேயே நின்றார். யாரும் இல்லாத நேரத்தில் கொட்டகைக்குள் போய்ப் படித்தேன். அக்குள் என்று நீங்கள் எழுதிய இடத்தைச் சத்தமாகவே படித்தேன். கறுப்பிதான் கேட்டாள்.

உங்களுக்கு எழுதக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். ஜமாஅத்தில் பெரியவர்களும் அதையே சொன்னார்கள். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு மவுத்துச் செய்தி சொல்வதில்லை, வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், நம் ஊரில் இதுதானே வழக்கம் என்றார்கள். தெற்குத் தெரு யூசுப் நினைவிருக்கிறதா? அவன் அத்தா போன செய்தியைக் கடிதத்தில் படித்தான், மறுநாள் சாரத்திலிருந்து விழுந்தான். "இவன் நிக்கிறது கடலுக்கு மேல. பாஸ்போர்ட்டும் கையில இல்ல. வரமுடியாதவன்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அம்மா சொன்னதா நீயே எழுது" என்றார் மாமா. எனக்கும் பயம்தான். அம்மாவும் போய், நீங்களும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கறுப்பி என்னை அண்டவிடவில்லை. மூன்று நாள் உதைத்தாள். மடி கட்டிக்கொண்டது. அம்மாக்கண்ணுதான் யோசனை சொன்னாள். அம்மாவின் பச்சைச் சேலையைத் துவைக்காமல் கட்டிக்கொண்டு, முக்காடு போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முகர்ந்து பார்த்தாள். பால் விட்டாள். நான் அழுதுகொண்டே கறந்தேன்.

இப்போது உங்களுக்கு இன்னொரு கடிதம் எழுதவேண்டும். அல்லா என்னை மன்னிக்கட்டும்.

ஜெய்னம்பு


லப்பைக்குடிக்காடு
29.1.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. டாக்டரிடம் காட்டினோம்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அம்மா "அக்குள்லயாடா" என்றது. ரொம்பச் சந்தோஷம். நன்றாகச் சாப்பிடச் சொன்னது. மனதைத் தளரவிடாமல் வேலை பார்க்கவேண்டுமாம், அவசரப்பட்டு ஊருக்கு வரவேண்டாமாம், அக்ரிமெண்ட் முடித்துவிட்டே வரவேண்டுமாம். பாலத்தில் நிற்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், இது முக்கியம் என்று சொன்னது.

அந்தத் தாய் மாடும் கன்றும் இன்னும் வருகின்றனவா என்று அம்மா கேட்கிறது.

கறுப்பியை இப்போது நான்தான் கறக்கிறேன்.

ஜெய்னம்பு


தம்மாம் பக்கம்
10.4.1983

ஜெய்னம்பு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. எழுத ஒன்றும் நல்லதாக இல்லை.

ரேடியோவில் கேட்டிருப்பாய். இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற சண்டையில் கடலுக்குள் இருக்கிற எண்ணெய்க் கிணறு உடைந்துவிட்டது. அடைக்க ஆள் போகமுடியவில்லையாம், சண்டை ஓயவில்லை. எண்ணெய் அது பாட்டுக்குக் கொட்டுகிறது. காற்று அடித்து எங்கள் பக்கமும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. கடல் கறுப்பு. அலை எழும்புவதே இல்லை, கஞ்சி கொதிப்பது போல மெதுவாகப் புரள்கிறது. எங்கள் குழாய்க்கு எண்ணெய் வராமல் மிதவை கட்டித் தடுக்கிறோம். ராத்திரி பகல் என்று இல்லை.

மீன் தப்பித்துக்கொள்கிறது என்று சீனிக்காதர் சொல்கிறான். முழுக்க நிசமோ என்னவோ. மீனும் செத்துத்தான் ஒதுங்குகிறது. ஆனால் மேலே வந்து மூச்சு விடுகிற சாதிக்குத் தப்பிக்க வழியே இல்லை. வந்தால் எண்ணெய். வராவிட்டால் மூச்சு இல்லை. ஆமை, பாம்பு, ஓங்கில் எல்லாம் கரையில் கிடக்கின்றன. கடல் மாடும் கிடக்கிறது. தண்ணீரில் அவ்வளவு லேசாக இருந்தது, கரையில் பாறை மாதிரி கிடக்கிறது, ஆறு பேர் சேர்ந்தாலும் புரட்ட முடியவில்லை. குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார்கள். குழந்தைவேல் புல்டோசரில் தள்ளுகிறார், நான் கூட நிற்கிறேன். முதல் நாள் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்த் திரும்பி நின்றுகொண்டார். "எங்கூர்ல சுண்ணாம்புக்கல்லு தோண்டுனா கடல் சிப்பியா வரும் பாய். அந்தக் காலத்துல அங்கயும் கடல் இருந்துச்சாம். அங்க இருந்ததுவோ எல்லாம் இப்புடித்தான் போயிருக்குமோ" என்றார். அப்புறம் ஏறி ஓட்டினார்.

அம்மா கேட்டதே, தாயும் கன்றும். பார்த்தேன். போன வியாழக்கிழமை பாலத்துக்கு அடியில் வந்தது. கன்று செத்துப்போயிருந்தது. தாய் அதை மூக்கால் முட்டி முட்டி மேலே தள்ளுகிறது. மூச்சு விடட்டும் என்றுதான் தள்ளுகிறது. தள்ளும், கன்று சரிந்துவிடும், மறுபடி உள்ளே போய்த் தூக்கும். எண்ணெய் இல்லாத இடமாகப் பார்த்து நகர்த்திக்கொண்டே போனது. சாயங்காலம் வரைக்கும் நின்று பார்த்தேன். என்னால் என்ன செய்யமுடியும்?

அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் கறுப்பியின் தலைக்கன்று செத்துப்போனது. நீ அப்போது கல்யாணமாகிக் குரும்பலூரில் இருந்தாய். கறுப்பி கத்திக்கொண்டே இருந்தாள். அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த வார்த்தை எனக்கு மறந்துவிட்டது. கறுப்பியை எப்படி ஆற்றியது, என்ன சொன்னது என்று கேட்டு அப்படியே எழுது. எனக்கு அது வேண்டும்.

நத்தர்ஷா


லப்பைக்குடிக்காடு
4.5.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா ரொம்ப வருத்தப்பட்டது. நீங்கள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம் என்று சொன்னது.

நீங்கள் கேட்டதைக் கேட்டேன். அம்மா சொன்னது: "கன்னு போச்சுன்னா மாடு கொஞ்ச நாளு கத்தத்தான் செய்யும். தோலை உரிச்சு வைக்கோலை அடைச்சு முன்னால வச்சோம். நக்கிப் பாத்துச்சு, கன்னு இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் பாலு விட்டுச்சு. நாளாவ நாளாவ மறந்துபோச்சு. எல்லாம் மறந்துரும் கண்ணு, நீ கவலைப்படாத."

அந்தத் தாய் மாடும் மறந்துவிடும் அண்ணே. நோன்பு வரப்போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜெய்னம்பு


தம்மாம் பக்கம்
22.5.1983

ஜெய்னம்பு,

அம்மா எப்போது போனது?

மறைக்காதே. நான் விழமாட்டேன். இந்தக் கடிதத்தைக் கேம்ப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், பாலத்தில் இல்லை. குழந்தைவேல் எதிரே உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாளாக என்னைப் பாலத்துக்குப் போகவிடாமல் என் வேலையையும் சேர்த்து அவரே செய்கிறார்.

கறுப்பியின் முன்னால் அம்மா வைக்கோல் கன்று வைக்கவில்லை. நான் இருந்தேன். தோல் உரிக்க வந்த ஆள்தான் சொன்னான், தோலைக் கொடுங்கள், அடைத்துத் தருகிறேன், இல்லாவிட்டால் பால் அடியோடு போய்விடும் என்று. அம்மா அவனை விரட்டிவிட்டது. "ஏமாத்திக் கறக்குற பாலு என் வூட்டுக்கு வேணாம். செத்ததைச் செத்துப்போச்சுன்னு அவளுக்குச் சொல்லணும்" என்றது. செத்த கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கறுப்பி முன்னாலேயே கிடத்தியது. அவள் முகர்ந்து பார்த்தாள், நக்கினாள், முட்டிப் பார்த்தாள். அவள் பார்க்கவே, கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். அப்புறம் அவள் கத்தினாள். தெருவே தூங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அம்மா அசையவில்லை, அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அந்த வருஷம் எங்களுக்குப் பால் இல்லை.

நான் மறந்துவிட்டேன் என்று எழுதினேனே அந்த வார்த்தை, உன் கடிதத்தைப் படிக்கும்போது நினைவு வந்துவிட்டது. "கத்துடி, நல்லா கத்து, நான் இங்கதான் இருக்கேன்." இதுதான்.

உன்மேல் அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். ஜனவரியிலிருந்து அம்மா என்னைத் திட்டவே இல்லை. எருமை என்று ஒரு தடவை சொல்லவில்லை. கண்ணு என்கிறது. என் அம்மா என்றைக்கு என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது? நானும் மடையன், அம்மாவுக்கு வயதாகிறது, பாசம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். எனக்கு முன்னால் நீ வைக்கோல் கன்றை வைத்தாய், நான் நான்கு மாதமாக நக்கிக்கொண்டிருந்தேன்.

யார் சொல்லிச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். மாமாவிடம் எனக்குப் பேச்சு இல்லை. ஆனால் நீ? உனக்கு என்மேல் அவ்வளவுதானா நம்பிக்கை? இங்கே நான் தினமும் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தேன் ஜெய்னம்பு. யார் யாருக்கோ. என் அம்மாவுக்கு ஒரு பிடி மண் போடவில்லை. அழக்கூட இல்லை. ஊரே அழுது முடித்துவிட்டது. நான் மட்டும் சொட்டு மருந்து விட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் பள்ளிவாசலில் உட்கார்ந்து யாசீன் ஓதினேன். எந்த நாள் என்று தெரியாமல் ஓதினேன். நாளை எழுது. எப்படிப் போனது என்று எழுது. எதையும் விழுங்காதே.

நத்தர்ஷா


லப்பைக்குடிக்காடு
9.6.1983

அண்ணே,

இதோடு ஜனவரியில் எழுதிய கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள். நீங்கள் கேட்ட எல்லாம் அதில் இருக்கிறது. அனுப்பமாட்டேன் என்று எழுதியதைத்தான் இப்போது அனுப்புகிறேன்.

உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் செய்யவில்லை. பயத்தில் செய்தேன். ஒவ்வொரு தடவையும் தர்மன் மணி அடிக்கும்போது, தந்தியோ என்று வாசலுக்கு ஓடினேன். கடிதம் என்று தெரிந்ததும் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று மூச்சு வரும். அடுத்த நிமிஷம் அம்மாவைப் போல எழுதவேண்டும். எனக்கு அம்மாவைப் போலத் திட்ட வரவில்லை அண்ணே. திட்டி எழுத உட்காருவேன், கை வராது. நான் எழுதிய அம்மா ரொம்ப நல்லவளாகப் போய்விட்டது. கறுப்பி விஷயம் எனக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் செய்வதைத்தானே அம்மாவும் செய்திருக்கும் என்று எழுதிவிட்டேன். அப்படி எழுதியிருக்கவே கூடாது. என்னை மன்னித்துவிடுங்கள். மன்னிக்க முடியாவிட்டால் திட்டியாவது எழுதுங்கள். இந்த வீட்டில் திட்டு விழுந்து ரொம்ப நாளாகிவிட்டது.

அடக்கம் செய்த இடத்தை நான் பார்த்ததில்லை, பெண்கள் போவதில்லையே. அவரிடம் கேட்டேன். மையவாடியில் வேப்பமரத்துக்குத் தெற்கே, அத்தாவுக்குக் கொஞ்சம் தள்ளி. தலைமாட்டில் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லி நீங்கள் போடவேண்டிய மூன்று பிடி மண்ணை அவர் போட்டாராம். எனக்கே இப்போதுதான் சொன்னார்.

இன்னொன்று சொல்லவேண்டும். உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம், பச்சைச் சேலையைக் கொடியிலேயே விட்டுவிட்டு, என் சேலையிலேயே கொட்டகைக்குப் போனேன். கறுப்பி என்னைப் பார்த்தாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் தரையில் விரித்தேன். முகர்ந்தாள், நக்கினாள், காலால் கிளறினாள். "அம்மா செத்துப்போச்சுடி" என்றேன். ஐந்து மாதத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

கத்த ஆரம்பித்தாள் அண்ணே. அப்படி ஒரு கத்தல். அம்மாக்கண்ணு ஓடி வந்தாள், மாமா ஓடி வந்தார். சேலையை எடு, எடுத்துக் கட்டிக்கொள் என்றார்கள். எடுக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எழுதியிருந்த வார்த்தையைத்தான் சொன்னேன். கத்துடி, நல்லா கத்து, நான் இங்கதான் இருக்கேன். அவளுக்கும் சொன்னேன், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

வீட்டில் பால் இல்லை. அம்மாக்கண்ணு வேறு வீட்டில் வாங்கிக்கொள்கிறாள். பரவாயில்லை.

ஜெய்னம்பு


தம்மாம் பக்கம்
27.6.1983

ஜெய்னம்பு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. வெள்ளிக்கிழமை என்று தெரிந்துகொண்டேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னதையும் தெரிந்துகொண்டேன்.

மச்சானுக்கு என் சலாம் சொல். அந்த மூன்று பிடி மண்ணுக்கு நான் எப்படிக் கடன் தீர்ப்பேன் என்று தெரியவில்லை.

அந்தத் தாய் மாடு திரும்ப வரவில்லை. குழந்தைவேல் புதைத்ததில் அது இருந்ததா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடையாளம் தெரியவில்லை. தப்பித்திருக்கும் என்று நான் உனக்கு எழுதலாம். தெரியாததை எழுதமாட்டேன்.

நோன்பு பத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாலத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். பாலத்தின் முனைக்கு யாரும் வருவதில்லை. இயந்திரச் சத்தத்தில் என்ன கத்தினாலும் வெளியே கேட்காது.

கறுப்பி கத்துவதை நிறுத்திவிட்டாளா? நிறுத்தியதும் எழுது. அதுவரைக்கும் அவள் பக்கத்திலேயே இரு.

எருமை,
நத்தர்ஷா